தலையாட்டிய கணக்கு

ஜீப்பை ஏலத்தில் எடுத்தது எண்பத்தைந்தாயிரத்துக்கு.
அப்புறம் போட்டதைக் கேட்காதீர்கள்.
என் தங்கை கேட்டாள், போனை வைத்துவிட்டாள்.

"பெரிய டயரா மாட்டுங்க டாக்டர், யானை கணக்கா இருக்கும்"
என்றார்கள் செக்காலை ரோட்டில் நாலு பேர்.
சேவுகன் மட்டும் சாக்கை விரித்து அடியில் படுத்து
டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தான்.
"யானைக்கு முதல்ல திரும்பத் தெரியணும்."

உண்மைதான்.
ஸ்டீயரிங்கில் கால் சுற்று சும்மா சுற்றும்,
அதற்கப்புறம்தான் சக்கரத்துக்குச் சேதி போகும்.
கண்மாய்க்கரை வளைவில் என் தோள்பட்டை ஒரு பக்கம்,
வண்டி அது நினைத்த பக்கம்.
மானாமதுரைக் காயலான் கடையில்
ஒரு பொலீரோவின் பவர் ஸ்டீயரிங் கிடைத்தது.
பெல்ட்டும் ஹோஸும் மட்டும் புதுசு.
மாட்டிய அன்று மணிக்கட்டால் திருப்பினேன்.
கன்றுக்குட்டியின் கழுத்தைத் திருப்புவது இதைவிடச் சிரமம்.

பிரேக் கதை வேறு.
புதுவயலில் நிற்க வேண்டுமென்றால்
கண்டனூரிலேயே முடிவெடுத்தாக வேண்டும்.
முன்சக்கரம் இரண்டுக்கும் டிஸ்க், கூடவே ஒரு பூஸ்டர்.
இப்போதெல்லாம்
கடைசி நிமிடத்தில்கூட மனசு மாறலாம்.

பின்பட்டையில் இரண்டு தகட்டைக் கழற்றி எடுத்தான்.
"உரமூட்டை ஏத்துன வண்டி இது,
நீங்க ஏத்துறது ஊசிப்பெட்டி."
செம்புறைக் குவாரிக்குள் இறங்கி ஏறினால்
நாக்கால் தடவிப் பல்லை எண்ணிக்கொள்வேன்,
எல்லாம் இருக்கிறதா என்று.
அந்தப் பழக்கம் போய்விட்டது.

ஹெட்லைட்டுக்கு ரிலே. முந்நூறு ரூபாய்கூட ஆகவில்லை.
கரண்ட்டில் பாதி சுவிட்சிலேயே தங்கிவிடுமாம் இத்தனை நாளும்.
முந்திரிக்காட்டில் ராத்திரி ஒரு முயல் நின்றது,
காதில் நரம்பு தெரிந்தது.

விபத்துக் கார் ஒன்றின் சீட்டு இரண்டு.
கடைசியாகத் தரை முழுக்கத் தார்த்தாள், மேலே ரப்பர் பாய்,
பானட்டுக்கு அடியில் பஞ்சுத் தகடு,
கதவு விளிம்புக்கெல்லாம் பீடிங்.
"சத்தத்துக்குப் போயா காசு?" என்றான் சேவுகன்.
நான்தான் அடம்பிடித்தேன்.

மறுநாள் காலை சிராவயல் பக்கம்
மஞ்சுவிரட்டில் கொம்பு கழன்ற காளை.
நாலாவது கியரில் விட்டதும்
பக்கத்து சீட்டில் ஒரு குரல்.
என் உதவியாளர் சாத்தையா.
பேச ஆரம்பித்தார் என்று நினைக்காதீர்கள்,
பேசிக்கொண்டிருந்தார்.
நாலு வருடமாக.
எஞ்சின் இரைச்சலில் அவர் உதடு அசையும்,
மரியாதைக்கு நான் தலையை அசைப்பேன்,
ஊர் வந்துவிடும்.

"நீங்க சொன்னபடியே மகளை நர்சிங்ல சேத்தது
நல்லதாப் போச்சு டாக்டர்."
"மச்சான் பணத்தைத் திருப்பித் தரமாட்டான்னு
நீங்க தலையாட்டுனப்பவே அவன்கூடப் பேச்ச விட்டேன்."
"அமராவதிப்புதூர் இடம், விக்கவான்னு கேட்டேனே,
வித்தாச்சு."

பிரேக்கை மிதித்தேன்.
நேர்கோட்டில், இழுக்காமல், நின்றது ஜீப்.

ஒரு பெண்ணைப் படிக்கவைத்திருக்கிறேன்.
ஒரு குடும்பத்தை இரண்டாக்கியிருக்கிறேன்.
பார்த்தேயிராத பத்து சென்ட்டை விற்றிருக்கிறேன்.
"வேற எதுக்கெல்லாம் தலையாட்டினேன்?"

யோசித்தார்.
இந்த எஞ்சினுக்கு இவ்வளவு மெதுவாகவும் உறுமத் தெரிந்திருக்கிறது.

"ஸ்டீயரிங்க மாத்துங்கன்னு மொத வருசமே சொன்னேன்.
அதுக்கும் ஆட்டுனீங்க. மாத்தல."

காளை காத்திருந்தது.
முதல் கியர் போட்டேன்.
"பொண்ணு இப்ப எந்த வருசம்?"
"ரெண்டாவது" என்றார்.
பின்கதவு மட்டும் இன்னும் தடதடத்தது.